துத்தநாகம் நுழையும் வழி



வேர்க்குருவுக்கும் அரிப்புக்கும் பூசுகிறோமே, இளஞ்சிவப்பு நிறத்தில் கேலமைன் லோஷன், அதில் இருக்கும் முக்கியச் சரக்கு துத்தநாக ஆக்சைடு. நிறம் மட்டும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு தந்தது. குழந்தைக்கு டயப்பர் கட்டிப் புண்ணானால் போடும் வெள்ளைக் களிம்பிலும் பெரும்பாலும் இதுவே. தலைமுறைகளாகத் தோலில் பூசிப் பழகிய சாதுவான பொருள். ஆனால் இதே பொருளின் நானோ துகள்களை, ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் உயிரணுக்களின் மேல் போதிய அளவு விட்டால், ஒரே நாளில் ஏராளமான அணுக்கள் செத்துப்போகின்றன.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கு உட்பட்டவை நானோ துகள்கள். இவ்வளவு சிறிதாக்குவானேன்? சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை அழகுக்காகத்தான். கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் உதட்டிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எல்லாரும் கல்யாணத்துக்குப் போக முடியாதே! துகள் நானோ அளவுக்கு வந்துவிட்டால் வெள்ளை தெரியாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலை மட்டும் நடக்கும்.

இனி உயிரணுவுக்குள் போவோம். துத்தநாகம் விஷமல்ல, நமக்கு வேண்டிய சத்து. வளர்ந்தவர் உடம்பில் 2 முதல் 3 கிராம் வரை இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அணுவும் அதை எண்ணி எண்ணித்தான் உள்ளே விடும். வாசலில் அவ்வளவு காவல். நானோ துகளோ மூட்டையாகக் கட்டிய சரக்கு மாதிரி வருகிறது. தன்மேல் ஒட்டிய துகளை உயிரணு சவ்வால் சுற்றி விழுங்கி, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் தள்ளுகிறது. அந்தப் பைக்குள் அமிலம். அமிலத்தில் துத்தநாக ஆக்சைடு மளமளவென்று கரையும். மூட்டை அவிழ்ந்ததும் துத்தநாக அயனிகள் ஒரே இடத்தில் குவிகின்றன; பையின் சவ்வு பழுதாகிறது; வெளியே கசிந்த அயனிகள் அணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கின்றன. அங்கிருந்து கட்டுப்பாடில்லாமல் கிளம்பும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. அணு சாகிறது.

குற்றவாளி துகளா, கரைந்த துத்தநாகமா? அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆந்த்ரே நெல் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான ஆய்வில் டைட்டானியம், சீரியம், துத்தநாகம் ஆகிய மூன்றின் ஆக்சைடுகளையும் அணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் நானோ துகள்கள்தாம். கொன்றது கரையும் துத்தநாக ஆக்சைடு மட்டும். பிறகு அதன் படிகத்துக்குள் இரும்பைக் கலந்து, கரையும் வேகத்தைக் குறைத்தார்கள், நச்சும் குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. நானோ என்ற சொல்லைக் கேட்டதுமே மிரள்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் சன்ஸ்கிரீன்? தட்டில் கிடக்கும் அணுவுக்குத் தோல் இல்லை, நமக்கு இருக்கிறது. சிட்னியில் உள்ள மக்குவாரி பல்கலைக்கழகத்தின் பிரையன் கல்சன் குழு, துத்தநாகம்-68 என்ற ஐசோடோப்பை அடையாளமாக வைத்து ஒரு சன்ஸ்கிரீன் தயாரித்தது. தன்னார்வலர்கள் 20 பேர் அதை வெயிலில் 5 நாள் பூசிக்கொண்டார்கள். அடையாளத் துத்தநாகம் இரத்தத்தில் தென்பட்டது உண்மை. ஆனால் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள துத்தநாகத்தில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வந்தது துகளாகவா, அயனியாகவா என்று அந்த முறையால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

2016இல் ஐரோப்பிய ஒன்றியம், சன்ஸ்கிரீனில் நானோ துத்தநாக ஆக்சைடை 25 சதவீதம் வரை அனுமதித்தது. கூடவே ஒரு தடையும் போட்டது: மூச்சோடு நுரையீரலுக்குப் போகக்கூடிய ஸ்ப்ரே போன்ற வடிவில் கூடாது. நுரையீரலின் காற்றறைச் சுவர் மிக மெல்லியது. தோலைப் போல மேலே செத்த செல் அடுக்கு கிடையாது.

நுரையீரல் வழி எப்படி இருக்கும் என்று வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகவே 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெல்டிங் வைத்ததும் பூச்சு ஆவியாகி, காற்றில் எரிந்து, வெள்ளைப் புகையாக எழுகிறது. அந்தப் புகை முழுக்கத் துத்தநாக ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, குளிர் நடுக்கம், காய்ச்சல். ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள். தொடர்ந்து சுவாசித்தால் உடம்பு பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்களன்று காய்ச்சல் திரும்பும். அதனால் இதற்குத் திங்கள் காய்ச்சல் என்றே ஒரு பெயர் உண்டு.

பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல நாட்டு வெல்டர்களிடம் இருக்கிறது. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிடுவதும், புகை முகத்துக்கு வராதபடி காற்றோட்டம் பார்த்து நிற்பதும், துணிக்குப் பதிலாக உலோகப் புகைக்கென்றே உள்ள முகக்கவசத்தை மாட்டுவதும்தான் பயன் தரும்.