உப்பு நகரங்களின் கதைசொல்லி: அப்துல் ரஹ்மான் முனீஃப்

(வளைகுடாவில் வாழும் தமிழ் வாசகர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றுப் புதினம் என்றவுடன் தமிழ் வாசகரின் செவியில் முதலில் விழுவது குதிரையின் குளம்பொலிதான். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் அவ்வொலியை மூன்று தலைமுறைகளின் நினைவில் பதித்துவிட்டது. சாண்டில்யன் அதனைக் கடலுக்குக் கொண்டுசென்றார். அரசரும் ஒற்றரும் கல்வெட்டும் செப்பேடும் நிறைந்த அம்மரபின் சுவையைக் குறைத்துப் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் அவ்வொலியில் ஊறிய செவிகளுக்கு, ஓர் எண்ணெய்க் குழாயின் வரலாற்றையும் புதினமாக எழுதலாம் என்பது எளிதில் தோன்றுவதில்லை. இலட்சக்கணக்கான தமிழர் உழைத்துவரும் இந்த வளைகுடா மண்ணின் அண்மைக்கால வரலாற்றை அப்படிப் புதினமாக்கிய ஒருவரைத் தமிழ்ச்சூழல் இன்னும் போதிய அளவு அறிந்துகொள்ளவில்லை. அவர் பெயர் அப்துல் ரஹ்மான் முனீஃப்.

1933ஆம் ஆண்டு ஜோர்தானின் அம்மான் நகரில் அவர் பிறந்தார். தந்தை நஜ்த் பகுதியைச் சேர்ந்த சவூதி வணிகர், தாய் ஈராக்கியர். அவர் பிறந்த அதே 1933இல்தான் சவூதி அரசு கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமையை வழங்கியது. அவருக்கு ஐந்து வயதாகும்போது, 1938இல், தம்மாமின் ஏழாம் எண் கிணற்றிலிருந்து வணிக அளவில் எண்ணெய் பொங்கியது. பின்னாளில் எந்த வரலாற்றை அவர் எழுதப்போகிறாரோ அந்த வரலாறும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்றே சொல்லிவிடலாம். சில வேளைகளில் நாட்காட்டியே புதினம் எழுதுகிறது.

சட்டம் பயில பாக்தாத் சென்ற அவர், 1955இல் பாக்தாத் உடன்படிக்கையை எதிர்த்த மாணவர்களுள் ஒருவராக இருந்தமையால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். கெய்ரோவில் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரில் எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1963இல் அவரது அரசியல் நிலைப்பாட்டின் காரணமாகச் சவூதி அரசு அவரது குடியுரிமையைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தந்தையின் நாடு அவருக்கு அயல்நாடாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோருக்கு இந்நிலையை விளக்கத் தேவையில்லை.

எழுத்துக்கு அவர் வந்தது காலம் தாழ்த்தியே. சிரியாவில் எண்ணெய்த் துறையில் பணியாற்றிவிட்டு, 1973இல் பெய்ரூட்டுக்கு வந்து இதழியலில் ஈடுபட்டார். முதற்புதினம் அவ்வாண்டில் வெளிவந்தபோது அவருக்கு நாற்பது வயது. 1975இல் வெளிவந்த 'மத்தியதரைக்கடலின் கிழக்கே' அரசியல் கைதிகளின் வதையைப் பேசியது. அதில் நாட்டின் பெயர் குறிக்கப்படவில்லை. எனவே படித்த ஒவ்வொரு நாட்டவரும் தத்தம் சிறைச்சாலையையே அதில் கண்டனர். அக்காலத்தில் பாக்தாதில் 'எண்ணெயும் வளர்ச்சியும்' என்னும் இதழின் ஆசிரியராகவும் அவர் இருந்தார். பகலில் பீப்பாய்க் கணக்கு, ஓய்வில் கதை. அலுவலகக் கணக்கை முடித்துவிட்டு அறைக்குத் திரும்பி எழுத அமரும் வளைகுடாத் தமிழர் சிலருக்கு இவ்வாழ்க்கை முறை அந்நியமானதன்று.

1981இல் ஈராக்கை விட்டு நீங்கிப் பிரான்சில் குடியேறினார். அங்கிருந்துதான் 'உப்பு நகரங்கள்' பிறந்தது. முதல் பாகம் 1984இல் வெளியாயிற்று. ஐந்து பாகங்களும் 1989இல் முற்றுப்பெற்றன. இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும் அப்பெரும்பணியைச் செய்தவருக்கு எந்த அரசின் ஆதரவும் இல்லை. எந்த நாட்டைப் பற்றி எழுதினாரோ அந்த நாட்டில் நூல் தடை செய்யப்பட்டது. பெய்ரூட்டின் பதிப்பகம் அச்சிட்டது. தடை இருந்த இடங்களில் நூல் கைமாறிக் கைமாறிச் சென்றது.

அப்படி அதில் என்னதான் எழுதப்பட்டிருக்கிறது?

முதல் பாகம் வாதி அல் உயூன் என்னும் பாலைவனச் சோலையில் தொடங்குகிறது. நீர் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வெளிநாட்டார் மூவர் வருகின்றனர். விருந்தோம்பும் மரபினரான ஊரார் அவர்களை ஏற்கின்றனர். மித்திப் அல் ஹத்தால் என்னும் ஒருவர் மட்டும் நம்ப மறுக்கிறார். அவர் அஞ்சியது நடக்கிறது. இயந்திரங்கள் வந்து மரங்களைப் பிடுங்கி எறிகின்றன, ஊரே அழிகிறது. மித்திப் தம் ஒட்டகத்தின் மீதேறிப் பாலைக்குள் மறைந்துவிடுகிறார். அதன் பின்னர் அவர் கதையில் மனிதராக வருவதில்லை. அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்னும் வதந்தியாகவே வருகிறார். புதினத்தின் நாயகன் என வாசகர் நம்பிய ஒருவரைத் தொடக்கத்திலேயே வெளியே அனுப்பிவிடும் துணிவு அரிது. அவ்விடத்தை வேறு எந்தத் தனிமனிதருக்கும் முனீஃப் கொடுக்கவில்லை. ஊரே நாயகன்.

அடுத்துக் கதை ஹர்ரான் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் செல்கிறது. சவூதியின் தஹ்ரானை நினைவுபடுத்தும் ஊர் அது. அங்கே ஒன்றின் அருகே ஒன்றாக இரண்டு நகரங்கள் எழுகின்றன. வேலியிட்டுக் குளிர்சாதன வசதியுடன் அமெரிக்கருக்கு ஒன்று. வெயிலில் வேகும் கொட்டகைகளோடு தொழிலாளருக்கு மற்றொன்று. இரண்டையும் கட்டியவர்கள் ஒரே தொழிலாளர்கள். வேலைக்கு வரும் பாலைவனத்தார் தம் ஒட்டகங்களை விற்றுவிட்டே முகாமுக்குள் நுழைய வேண்டும் என்று ஆள்சேர்ப்பவன் வற்புறுத்தும் பகுதி மறக்கவொண்ணாதது. ஒட்டகம் போனபின் ஊர் திரும்பும் வழியும் போய்விடுகிறது. வந்து இறங்கிய நாளன்றே கடவுச்சீட்டை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நின்றவர்கள் இவ்வவையில் இருப்பின், அப்பகுதியைப் படிக்கையில் ஒருகணம் நூலை மூடி வைப்பர்.

ஆட்சியாளரும் அங்குண்டு. ஹர்ரானின் அமீர் தொலைநோக்கியில் மயங்குகிறார், பிறகு வானொலியில், பிறகு தொலைபேசியில். ஊரில் நடப்பதைத் தவிர மற்றெல்லாவற்றையும் அவர் பார்க்கிறார், கேட்கிறார். இறுதியில் மனம் பேதலித்துப் போகிறார். நகைச்சுவையாக எழுதப்பட்ட இப்பகுதிதான் தடைக்கு முதற்காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. அதிகாரம் பழியைப் பொறுத்தாலும் பொறுக்கும், நகைப்பைப் பொறுக்காது. வேலைநீக்கமும், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்த முஃபத்தி என்பவரின் கொலையும் சேர்ந்து, முதல் பாகம் வேலைநிறுத்தத்தில் முடிகிறது. 1953இலும் 1956இலும் அராம்கோ நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தங்களை அறிந்தோருக்கு இது வெறுங்கற்பனை அன்று என்பது விளங்கும்.

அவரது ஊற்றுகள் எவை என்பதும் ஆராயத்தக்கது. பெல்கிரேடில் கற்ற பொருளாதாரம் ஓர் ஊற்று. ஒப்பந்தம், குழாய், துறைமுகம் ஆகியவை எவ்வரிசையில் வரும், அவ்வரிசையில் மனிதர் எங்கே நசுங்குவர் என்பதை அத்துறையின் உள்ளிருந்து அறிந்தவர் அவர். மற்றோர் ஊற்று வாய்மொழிக் கதை. பாலைவனத்தார் கதை சொல்லும் முறையிலேயே, ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு சொல்ல, எது உண்மை என முடிவு சொல்லாமல் அவரது உரைநடை நகர்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1988இல் எழுதிய மதிப்புரையில், இது மேலைநாட்டார் புதினம் என்று கொள்ளும் வடிவில் அமையவில்லை எனக் குறைப்பட்டார். திண்ணையில் அமர்ந்து கதை கேட்டு வளர்ந்த தமிழருக்கு அக்குறை ஒரு பொருட்டாகாது. 1940களின் அம்மானைப் பற்றி முனீஃப் எழுதிய 'ஒரு நகரத்தின் கதை' என்னும் நினைவுநூலைப் படிப்போர், ஊரை நாயகனாக்கும் அந்த நோக்கு அவரது இளமையிலேயே வேரூன்றியிருந்ததை உணர்வர்.

தலைப்பின் பொருளை அவரே ஒரு நேர்காணலில் விளக்கியுள்ளார். நிலைத்து வாழ அடித்தளமற்ற நகரங்கள் அவை. முதல் அலை வந்து மோதினால் உப்பைப் போலக் கரைந்துவிடும் என்பது அவரது கருத்து. இதனை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. துபாயும் அபுதாபியும் கரையவில்லை. எண்ணெய்க்கு அப்பாலும் பொருளாதாரத்தை விரித்துக்கொண்டுள்ளன. அமீரகத்தின் சுல்தான் பின் அலி அல் உவைஸ் பண்பாட்டு விருது முனீஃபுக்கே வழங்கப்பட்டது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். வளைகுடா முழுவதும் அவருக்குக் கதவடைத்தது என்பது பிழை. 1998இல் கெய்ரோவிலும் அரபுப் புதினத்துக்கான விருதை அவர் பெற்றார்.

வேறொரு குறையே தமிழருக்கு முதன்மையானது. 1992இல் அமிதவ் கோஷ் எழுதிய கட்டுரை ஒன்று, எண்ணெய் உலகைப் பற்றி இலக்கியம் ஏறத்தாழ வாய்திறக்கவே இல்லை என்று கூறி முனீஃபை வரவேற்றது. அதே கட்டுரை, பல நாட்டாரும் பல மொழியினரும் உழைக்கும் எண்ணெய் நகரின் மெய்யான நிலையை இப்புதினம் எதிர்கொள்ளவில்லை என்றும் சுட்டியது. அது நியாயமான சொல். லாரி ஓட்டும் ஆர்மீனியர் அக்கூப் போன்ற சிலர் ஹர்ரானில் உண்டு. அவரை முனீஃப் மிகுந்த பரிவோடு படைத்துள்ளார். ஆயினும் இந்தியரோ இலங்கையரோ பிலிப்பீனியரோ அவ்வூரின் உயிருள்ள மாந்தராக இல்லை.

அவ்வெற்றிடத்தை மலையாளம் ஓரளவு நிரப்பியது. பஹ்ரைனில் பல்லாண்டு வாழ்ந்த பென்யாமின் 2008இல் ஆடுஜீவிதம் எழுதினார். ஓமானின் ஜோகா அல்ஹர்த்தி, அடிமை முறை 1970 வரை நீடித்த தம் நாட்டின் குடும்பக் கதையை எழுதி 2019இல் பன்னாட்டு மேன் புக்கர் பரிசை வென்றார். தமிழில் வளைகுடா பெரும்பாலும் கடிதமாகவும் கவிதையாகவும் சிறுகதையாகவுமே நின்றுவிட்டது. 1970களில் இங்கு வந்திறங்கிய முதல் தலைமுறைத் தமிழருள் பலர் முதுமை எய்திவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். அவர்கள் பழைய அடையாள அட்டைகளும் ஒலிநாடாவில் அனுப்பிய மடல்களும் கீழக்கரையிலும் கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். சோழர் காலத்துக்குக் கல்வெட்டு உண்டு; இதற்கு அவைதான் உண்டு.

முனீஃப் 1986இல் டமாஸ்கஸ் திரும்பினார். 1999இல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவூத் பாஷா ஆண்ட ஈராக்கைப் பற்றி 'கருநிலம்' என்னும் மூன்று பாகப் புதினத்தை வெளியிட்டார். அதில்தான் ஆளுநரும் படைகளும் ஆங்கிலேயத் தூதரும் வருகின்றனர். குதிரைக் குளம்பொலியும் கேட்கிறது. அப்போதும் அவர் செவி பாக்தாதின் காப்பிக்கடைப் பேச்சிலேயே பதிந்திருந்தது. 2003இல் அதே பாக்தாதின் மீது குண்டுகள் விழுந்ததைப் பார்க்கும் வரை வாழ்ந்தார். 2004ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் டமாஸ்கஸ் நகரில் காலமானார். பறிக்கப்பட்ட குடியுரிமை அவர் வாழ்நாளில் திரும்பி வரவில்லை. உப்பு நகரங்களின் முதல் மூன்று பாகங்களைப் பீட்டர் தெரூ ஆங்கிலத்தில் தந்துள்ளார். தமிழாக்கத்துக்கு அரபு மொழியை நன்கறிந்த தமிழர் காயல்பட்டினத்திலும் உண்டு, துபாய் தேராவிலும் உண்டு.