மண்வெட்டியோடு ஒரு நோட்டும்!

தலைப்பு: இயற்கை விவசாயத்தில் நிலைத்து நிற்க வைப்பது கொள்கைப் பிடிப்பா? வரவு செலவுக் கணக்கா?
'கணக்கே' என்ற அணியில் ஒரு குடும்பத் தலைவி



எதிரணி அண்ணன் சொன்னாரு, "மண்ணை நம்பினா மண்ணு கைவிடாது"ன்னு. வாஸ்தவம். கைவிடாது. ஆனா உரத்தை நிறுத்தின முதல் வருஷம் கையைக் கடிக்கும்! (சிரிப்பு)

என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையை விட்டுட்டு ஒரு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். 160 நாள் பயிர். மாமனார் உரம் போட்டு 30 மூட்டை கண்ட நிலம். எங்களுக்கு 14 மூட்டை! வியாபாரி வந்து, "எல்லா நெல்லுக்கும் ஒரே விலைதாம்மா"ன்னார். மருந்து அடிக்காத நெல்லுன்னு அதன் நெற்றியிலா எழுதியிருக்கு? அந்த வாரமே என் வளையல் அடகுக்குப் போச்சு.

அப்பத்தான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து எல்லாச் செலவையும் எழுதினேன். உரக்கடைச் செலவு நின்னிருக்கு. களை எடுக்கிற கூலி ஏறியிருக்கு. நெல்லாகவே விற்றால் தேறாதுன்னு நோட்டு சொல்லிச்சு. அடுத்த வருஷம் மில்லில் அரைத்தோம். 100 கிலோ நெல்லுக்கு 60, 65 கிலோ அரிசி. 5 கிலோ பையில் கட்டி, நானே வீடு வீடாகக் கொண்டு போனேன். மிச்சத்தை அவலாக இடித்தோம்.

நடுவர்: வளையல் என்னம்மா ஆச்சு?

மூன்றாம் வருஷம் மீட்டாச்சுங்க ஐயா! (கையை உயர்த்திக் காட்டுகிறார். பலத்த கைதட்டல்)

கொள்கை வேண்டாம்னு நான் சொல்லலை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர் நெல் ஜெயராமன். 2018-ல் மறைந்தார். 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் கொடுத்து, மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். கொடுத்தது கொள்கை, திருப்பிக் கேட்டது கணக்கு. கேட்காமல் விட்டிருந்தால் அடுத்தவருக்குக் கொடுக்க விதை ஏது?

புதுசா விவசாயத்துக்கு வர்ற பிள்ளைங்களே, மண்வெட்டி வாங்கும்போதே ஒரு நோட்டும் வாங்குங்க. முதல் இரண்டு வருஷச் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்கிட்டு வயலில் இறங்குங்க. வயிறு காய்ந்தால் கொள்கையும் காய்ந்து போகும். எனவே, கணக்கே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)