அடுப்படிக் கணக்கும் மறுமைக் கணக்கும்

(குன்றாண்டார்கோவிலில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



    

இல்லறம் என்ற தலைப்பில் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். இல்லறம் என்றதும் பொறுமை, விட்டுக்கொடுத்தல், பெற்றோர் கடமை என்று வழக்கமாகப் பேசிச் செல்வது எளிது. இன்று நாம் உப்பு, புளி, பருப்பு பற்றிப் பேசப் போகிறோம். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆனால் சென்ற ஓராண்டில் சமரசத்திற்காக நம்மிடம் வந்த குடும்ப வழக்குகளை எண்ணிப் பார்த்தோம். மேலே போர்த்தியிருந்த போர்வை எதுவாக இருந்தாலும், விலக்கிப் பார்த்தபோது பலவற்றின் உள்ளே இருந்தது மளிகைக் கடையின் பற்று நோட்டுதான்.

ஓர் இளைஞர் வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். மணமாகி நான்கு ஆண்டுகள், இரண்டு குழந்தைகள், சிறியவளுக்கு எட்டு மாதம். சரக்கு வண்டி ஓட்டுகிறார். "ஹஜ்ரத், அவளுக்குச் சிக்கனம் தெரியவில்லை. கொடுக்கிற பணம் இருபதாம் தேதியைத் தாண்டுவதில்லை. போதாததற்குக் கடையில் என் பெயரில் பற்று எழுதி வைத்திருக்கிறாள்" என்றார். "மாதத்திற்கு வீட்டில் எத்தனை கிலோ பருப்பு செலவாகிறது தம்பி?" என்று கேட்டோம். தெரியவில்லை. "பால் எத்தனை லிட்டர்?" "அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் ஹஜ்ரத்." "துவரம் பருப்பு இன்று என்ன விலை?" அதற்கும் மௌனம். டீசல் விலையைப் பைசா பிசகாமல் சொல்லக்கூடிய பிள்ளை அவர்.

அவரை நாம் கண்டிக்கவில்லை. "அடுத்த மாதம் முழுவதும் பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கீரனூர்க் கடைத்தெருவிலிருந்து ரேஷன் கடை வரை எல்லாம் உங்கள் பொறுப்பு. அதே தொகைதான்; ஒரு ரூபாய் கூடக் கூடாது" என்றோம். மாதம் முடியும் முன்னரே திரும்பி வந்தார். "அவள் இருபது வரை கொண்டுபோனாள் ஹஜ்ரத், என்னால் பதினாறைத் தாண்ட முடியவில்லை" என்றார். இன்னொன்றையும் அவரே சொன்னார். கடைப் பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தாராம். பால், முட்டை, குழந்தைக்குச் சோப்பு என்று சில்லறையாக எழுதியவை ஒரு பக்கம். மொத்தத்தில் பெரிய தொகை, தம் நண்பர்களை முன்னறிவிப்பின்றி அழைத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் பிரியாணி அரிசியும் எண்ணெயும்! அந்தப் பக்கத்தில் தம் பெயர் இருந்தது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ஷரீஅத்தில் இதற்கு நஃபகா என்று பெயர். மனைவி மக்களுக்கு உணவு, உடை, உறைவிடம் அளிப்பது கணவன் மீது கடமை. இது தர்மமும் அல்ல, தயவும் அல்ல. திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 233ஆம் வசனத்தைக் கவனியுங்கள். தாய்மார்கள் ஈராண்டுகள் பாலூட்டுவது பற்றிப் பேசும் அந்த வசனம், அதே மூச்சில் அந்தத் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. குழந்தைக்குச் செலவழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பால் எங்கிருந்து வருகிறதோ அங்கே உணவு சென்று சேர வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நியாயமான அளவு என்றும், எவர் மீதும் சக்திக்கு மீறிச் சுமத்தப்படாது என்றும் வரம்பும் கட்டுகிறது. ஆகவே, குறைந்த வருமானம் உடையவர் குற்றவாளி அல்லர். வருமானம் எவ்வளவு என்பதை வீட்டுக்கு மறைப்பவரைப் பற்றியே பேசுகிறோம்.

அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று நபிகளாரிடம் முறையிட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கணவரின் பொருளிலிருந்து தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குறைஷிக் குலத் தலைவரின் வீட்டு மளிகைச் செலவு நபிகளாரின் சபைக்கு வந்திருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுவந்தாயா என்று அந்தப் பெண்மணியை எவரும் அதட்டவில்லை. இன்று நம்மிடம் ஒரு சகோதரி வந்து அவ்வாறு கேட்டால், நம்மில் எத்தனை பேர் முதலில் அவளுடைய குணத்தைத்தான் விசாரிப்போம்!

இக்காலத்து விஷயம் ஒன்றுக்கு வருவோம். தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டு, குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வரலாயிற்று. நம் வீடுகளுக்கும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சில வீடுகளில் மனைவிக்கு ஆயிரம் வந்த மாதமே, கணவர் தரும் வீட்டுச் செலவில் ஆயிரம் குறைந்தது. இது எந்தக் கிதாபில் உள்ள சட்டம்? மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. அவளிடம் செல்வமே இருந்தாலும் கணவனின் நஃபகா கடமை நீங்குவதில்லை. அவள் மனமுவந்து வீட்டுக்குச் செலவழித்தால் அது அவளுடைய நன்மை; நமக்குக் கழிவு அல்ல.

வாரத் தவணைக் கடன் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வட்டியைக் கண்டித்து மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். பேசிவிட்டு இறங்கிய ஒரு ஜும்ஆவுக்குப் பின், தாய் ஒருவர் தம் மகனை அனுப்பி ஒரு கேள்வி கேட்டார்: "பால்மாவுக்கும் அரிசிக்கும் வாங்கிய கடன், ஹஜ்ரத். பாவம் வாங்கியவளுக்கு மட்டுமா?" அன்று நாம் வட்டியின் ஹராமை மட்டும் விளக்கி அனுப்பினோம். அது முழுமையான பதில் அல்ல என்று இப்போது கருதுகிறோம். வருமானம் இருந்தும் வீட்டுக்குத் தராமல், மனைவியைத் தவணைக்காரர் முன் நிறுத்திய கணவரையும் அழைத்து அன்றே பேசியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பணத்தைப் பெற்றோரின் கணக்குக்கு அனுப்புகிறீர்கள், நல்லது. மகனை வளர்த்தவர்களுக்கு அதில் பங்குண்டு. ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் உங்கள் மனைவி, அரை லிட்டர் பாலுக்கு மாமியாரின் முகம் பார்த்து நிற்பது உங்கள் தாயாருக்கும் சங்கடம், அவளுக்கும் சங்கடம். இரண்டு தொகையாகப் பிரித்து அனுப்புங்கள். பெரிய சண்டைகள் சில இவ்வளவு சிறிய காரியத்தால் அடங்கியதைக் கண்டிருக்கிறோம்.

இனி தட்டுக்கு வருவோம். நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், இமாமுக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறைச் சாப்பாடு. அடுக்குச் சட்டியில் வரும். ஒரு நாள் ஆறு வயதுச் சிறுவன் கொண்டுவந்தான். சோறு, புளியாணம், மேல் அடுக்கில் பொரித்த முட்டை ஒன்று. நாம் பிஸ்மில்லாஹ் சொல்லும்வரை அவன் கண்கள் அந்த முட்டையை விட்டு அகலவில்லை. "வீட்டில் இன்று என்ன, தம்பி?" என்றோம். "புளியாணம்" என்றான். அவனை அருகில் அமர்த்தி ஊட்டினோம். பாதிக்கு மேல் அவன் வாங்கவில்லை, அம்மா திட்டுவாராம். அந்த வீட்டை முறையிலிருந்து நீக்கிவிடுமாறு முத்தவல்லியிடம் கேட்டோம். மறுநாள் அந்தத் தாய் செய்தி அனுப்பினார்: "எங்கள் முறையை எடுத்துவிடாதீர்கள் ஹஜ்ரத், முட்டை இல்லாமல் அனுப்புகிறேன்." அதன் பின் நாம் எந்த வீட்டுச் சோற்றையும் அந்த வீட்டு அடுப்பை எண்ணாமல் உண்டதில்லை.

சிறுவனுக்காவது கேட்க வாய் உண்டு. அவனுடைய தாய் என்ன சாப்பிட்டார் என்று அன்று நமக்கே கேட்கத் தோன்றவில்லை. நம் வீடுகளில் ஆண்கள் முதலில், பிள்ளைகள் அடுத்து, பாலூட்டும் தாய் கடைசியில். சட்டியில் ஒட்டியிருப்பது அவளுக்கு. 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காடு. இருவரில் ஒருவருக்கு மேல்! இந்தத் திரைக்கு அப்பால் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

இதைச் சரிசெய்யப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வானம் பார்த்த பூமியானாலும் நம் பகுதியில் முருங்கை இல்லாத கொல்லை அரிது. நிலக்கடலை நம் செம்மண்ணின் விளைச்சல். கேழ்வரகு நம் முன்னோர் உண்டது. கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அவற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு இருப்பது நல்லது என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கருத்து. நம் வீடுகளில் பத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ்த் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைத்துவந்தன. அந்த நாளைத் தவறவிட்டுவிட்டு வெளிக்கடையில் பன்மடங்கு விலை கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். ரேஷன் கடை வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்று கருதுபவர், வரிசையில் மனைவியை நிறுத்துவதை மட்டும் கௌரவமாகக் கருதுவது ஏனோ!

செறிவூட்டிய அரிசி 2023இல் ரேஷனில் பரவலாக வரத் தொடங்கியபோது, பிளாஸ்டிக் அரிசி என்று வதந்தி பரவியது. தாய்மார்கள் சிலர் நிறம் மாறிய மணிகளைப் பொறுக்கி எறிந்தார்கள். நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்திருந்த அந்த மணிகள் அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்தவை. தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டியதைத்தான் முறத்தில் புடைத்து வெளியே தள்ளினோம். செய்தியை விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது அரிசிக்கும் பொருந்தும்.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பின்னர் வீட்டு உணவோடு சேர்த்து ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தேனில் நிவாரணம் உண்டு என்பதை இது மறுப்பதாகாது. பிஞ்சுக் குடலுக்கு அதைத் தாங்கும் வலிமை வரவில்லை, அவ்வளவே. ஏழாவது மாதத்தில் குழைந்த சோறும் பருப்பும் மசித்துக் கொடுப்பதை விட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக வேலை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் தெரிவித்தார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். உப்புக் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற நாம், எந்த ஸுன்னத்தைப் பின்பற்றுகிறோம்?

நாமும் இதில் தேர்ந்தவர் அல்லோம். மதரஸா விடுதியில் மணி அடித்தால் சோறு. ஏழாண்டு ஓதி முடித்து நிகாஹ் ஆன பிறகு முதன்முதலாகக் கத்தரிக்காய் வாங்கி வந்தோம். பளபளப்பைப் பார்த்து வாங்கியதில் பாதி சொத்தை. வீட்டார் ஒன்றும் சொல்லாமல் மறுவாரம் சந்தைக்குத் தாமும் வந்து, காம்பின் பச்சையையும் காயின் ஓட்டையையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கிதாபுகளில் வியாபார பாடத்தை ஓதியிருந்தோம். காய் பார்க்க அவரிடமே ஓதினோம்.

1990களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அன்று முகம் சுளித்த வீடுகளிலும் பின்னர் தண்ணீரும் மளிகையும் அந்த மிதிவண்டியிலேயே வந்து சேர்ந்தன. பெண்கள் கடைக்குச் செல்வதில் தவறில்லை. சுமை முழுவதும் அவர்களுடைய வண்டியில் ஏறி, பணப்பை மட்டும் நம் சட்டையில் இருப்பதுதான் தவறு.

வியாபாரிகளான சகோதரர்களே, உங்களிடம் நீட்டிப் பேச வேண்டியதில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகளார் கைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்த செய்தி நீங்கள் அறிந்ததே. பற்று எழுதும்போது வாங்கியவருக்குப் படித்துக் காட்டி எழுதுங்கள். பிள்ளைகளை அனுப்பினால் சீட்டில் விலையைக் குறித்து அனுப்புங்கள்.

நிறைவாக ஒரு அறிவிப்பு. நிர்வாகிகளின் ஒப்புதலோடு, இன்ஷா அல்லாஹ், வரும் ஷஃபான் மாதம் முதல் நம் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திடும் முன் மணமகனிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். வீட்டுச் செலவை மாதத்தில் எந்தத் தேதியில் கொடுப்பீர்கள்? யாருடைய கையில் கொடுப்பீர்கள்? மஹர் தொகையைக் கேட்பது போலவே சபையில் கேட்போம். அத்தா பதில் சொல்வார் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளையே சொல்ல வேண்டும். அந்தச் சரக்கு வண்டித் தம்பி, தாமும் வந்து அருகில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.