தரிசு போட்டவருக்குப் பணம்



அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சன்ஃபிளவர் என்றொரு கவுன்டி இருக்கிறது. நம் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம். டெல்டா வண்டல் மண், பருத்தி பொங்கி விளையும் பூமி. 1960-களில் அந்த மண்ணில் இருவர் வாழ்ந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட்: செனட்டர், நீதித்துறைக் குழுவின் தலைவர், 5,000 ஏக்கருக்கு மேல் பருத்திப் பண்ணை வைத்திருந்தவர். மற்றவர் ஃபேனி லூ ஹேமர்: வாரத்துக்கு உழுத குடும்பத்தின் 20-ஆவது பிள்ளை, ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர்.

பருத்தி விலை சரியாமலிருக்க, விதைக்கிற பரப்பைக் குறைத்தால் அரசு பணம் தந்துவந்தது. 1933-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த ஏற்பாடு இது. அப்போதே பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. பரப்பு குறைந்ததும் வாரத்துக்கு உழுத குடும்பங்கள் குடிசையை விட்டு வெளியேற்றப்பட்டன. முப்பது ஆண்டு கழித்தும் ஏக்கர்தான் அளவுகோல். 1967-ல் ஈஸ்ட்லேண்ட் பண்ணைக்குப் போன மானியம் 1 லட்சம் டாலருக்கும் அதிகம்.

அதே டெல்டாவில், 1965-ல், வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து பருத்திக் காட்டில் களை கொத்தியவளுக்குக் கூலி 3 டாலர். பொறுக்க முடியாமல் அந்த ஆண்டு வேலைநிறுத்தமே செய்தார்கள். நிலம் தரிசாகக் கிடந்தால் உடையவருக்கு வருமானம், களை கொத்துகிறவளுக்கோ வேலை இல்லை. தினக்கூலிக்கு அந்த மானியத்தில் ஒரு காசு பங்கு கிடையாது. இது அநியாயம் இல்லையென்றால் வேறெது அநியாயம்?

எந்த நிலத்துக்கு எத்தனை ஏக்கர் பருத்தி என்று தீர்மானித்தது யார் தெரியுமா? கவுன்டி குழு. உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்தும், நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளைப் பண்ணையார்கள். 1964 டிசம்பரில் சமூக உரிமை இயக்கத்து இளைஞர்கள் கறுப்பின உழவர்களை அந்தத் தேர்தலில் நிறுத்தினார்கள். மிரட்டல் வந்தது, கைதும் வந்தது.

ஹேமருக்கு இந்த அடி புதிதல்ல. 1962-ல் வாக்காளராகப் பதியப் போன ஒரே குற்றத்துக்காக, 18 ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர் அவர். 1969-ல் 40 ஏக்கரில் ‘சுதந்திரப் பண்ணை’ என்று ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். அங்கே ஒரு பன்றி வங்கியும் இருந்தது. சினைப் பன்றியை ஒரு குடும்பம் வாங்கிப் போய் வளர்க்கும். ஈன்ற குட்டிகள் வீட்டுக்கு, தாய்ப் பன்றி வங்கிக்கு. அரசு மானியம் எட்டிப் பார்க்காத வீடுகளில் அந்தக் குட்டிகள்தான் குளிர்காலத்துக்குக் கறி.

1970-ல் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர்தான் மானியம் என்று வரம்பு வந்தது. பெரும்பண்ணைகள் நிலத்தைக் காகிதத்தில் கூறுபோட்டன. சொந்தபந்தம் எல்லோரும் உழவரானார்கள். கிளை கிளையாகப் பிரியும் அந்தப் பெயர்க் கொத்துக்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்றே பேர் விழுந்தது. 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், மானியம் பெறும் குடும்பம் என்ற சொல்லுக்குள் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் சித்தப்பா, மாமன் மக்களையும்கூடச் சேர்த்துக்கொண்டது.

1920-ல் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. வேளாண் கடனில் பாகுபாடு காட்டியதற்காக 2024 ஜூலையில் 43,000 பேருக்கு 200 கோடி டாலர் வழங்கியதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. கேட்டுக் கேட்டு அலைந்த பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்ற பட்டியல் இன்று அங்கே கவுன்டி வாரியாகப் பொதுவில் கிடைக்கிறது. உழவர் மானியம் பற்றிப் பேச வருகிறவர்கள், மொத்தத் தொகையைச் சொல்வதற்கு முன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வரட்டும்.