திமிங்கிலம் மீனா?



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் உயிர்களின் பாகுபாடு என்பதாகும். அதாவது உலகத்திலுள்ள புல், பூண்டு, மரம், புழு, பூச்சி, மீன், பறவை, மிருகம், மனிதன் ஆகிய எல்லாவற்றையும் உயிரியல் அறிஞர்கள் எப்படி இனம் பிரிக்கிறார்கள், எந்த ஆதாரத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றியதாகும். இது பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு நெட்டுருப் போடும் சங்கதிதானே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் உயிரை இன்ன இனம் என்று முடிவுகட்டும் அதிகாரம் யாருக்கு? பழைய புஸ்தகத்துக்கா? பலபேர் ஓட்டுக்கா? பெரிய மனிதர் வாக்குக்கா? அல்லது அந்த உயிரையே சோதித்துக் கண்ட உண்மைக்கா? இதுதான் இந்த விஷயத்தில் அடங்கியிருக்கும் கேள்வி.

இந்தக் கேள்வி ஒருமுறை கோர்ட்டுக்கே போயிருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1818-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு வழக்கு நடந்தது. மீன் எண்ணெய் விற்பவர்கள் அதைச் சர்க்கார் பரிசோதகரிடம் காட்டி, கட்டணம் கட்டி, முத்திரை பெறவேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருந்தது. சாமுவேல் ஜட் என்கிற வியாபாரி மூன்று பீப்பாய் திமிங்கில எண்ணெயைப் பரிசோதனைக்குக் காட்டவில்லை. ஜேம்ஸ் மாரிஸ் என்கிற பரிசோதகர் அவர்மேல் வழக்குத் தொடர்ந்தார். "திமிங்கிலம் மீனே அல்ல, ஆகையால் அதன் எண்ணெய் மீன் எண்ணெய் அல்ல" என்பது வியாபாரியின் வாதம்.

சாமுவேல் மிட்சில் என்கிற கெட்டிக்கார வைத்தியர், உயிர்நூல் படித்தவர், சாட்சிக் கூண்டில் ஏறித் திமிங்கிலம் மீன் அல்ல என்று சொன்னார். திமிங்கில வேட்டைக்குக் கடலில் போய்வந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். எதிர்த் தரப்பில் பைபிளின் சிருஷ்டிக் கதையும் பேச்சில் வந்தது. கடலில் நீந்துவது மீன், ஆகாயத்தில் பறப்பது பறவை, நிலத்தில் நடப்பது மிருகம். இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டும் என்பது அந்த நியாயம். ஜூரிகள் கால்மணி நேரம் யோசித்தார்கள். திமிங்கிலம் மீன்தான் என்று தீர்ப்பாயிற்று! வியாபாரிக்கு 75 டாலர் அபராதம்.

தோழர்களே! தீர்ப்புச் சொன்ன அன்று கடலிலிருந்த ஒரு திமிங்கிலமாவது செவுளால் மூச்சுவிடத் தொடங்கியதா? அது வழக்கம்போல் நீருக்குமேல் வந்து நுரையீரலால்தான் மூச்சுவிட்டது. வழக்கம்போல் குட்டி போட்டுப் பால் கொடுத்தது. அடுத்த வருஷம், 1819-ல், சட்டசபையே திமிங்கில எண்ணெய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று திருத்த வேண்டியதாயிற்று.

திமிங்கிலத்தைப் பற்றிப் படித்தவர்கள் மாத்திரம் எப்போதும் சரியாகச் சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னமேயே, திமிங்கிலமும் ஓங்கிலும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை, நுரையீரல் உள்ளவை என்று கண்டு, அவற்றை மீனிலிருந்து தனியாகப் பிரித்து வைத்தார். அப்படியிருந்தும், பாகுபாட்டு முறைக்குத் தந்தை என்று சொல்லப்படும் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1735-ம் வருஷம் வெளியிட்ட தம் புஸ்தகத்தில் திமிங்கிலத்தை மீன் வகுப்பிலேயே சேர்த்தார். ஆனால் அவர் அதையே பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில், வெப்ப ரத்தம், நுரையீரல், பால் சுரப்பி ஆகியவற்றைக் கவனித்து, திமிங்கிலத்தைப் பாலூட்டிகளில் கொண்டுபோய் வைத்தார். தான் எழுதினதைத் தானே அடித்துத் திருத்துவதற்கு அவர் வெட்கப்படவில்லை. இதைத்தான் நீங்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும்.

இனி அந்த முறை என்ன என்று பார்ப்போம். ஒரு கடிதத்துக்கு விலாசம் எழுதும்போது வீடு, தெரு, ஊர், தாலுகா, ஜில்லா என்று எழுதுகிறோமல்லவா? அதுபோலவே ஒவ்வோர் உயிருக்கும் சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாக விலாசம் உண்டு. மனிதனை எடுத்துக்கொண்டால், அவன் ஹோமோ என்னும் பேரினத்தில் சேப்பியன்ஸ் என்னும் சிற்றினம். சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங் உட்டான் ஆகிய வாலில்லாக் குரங்குகள் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். பாலூட்டி வகுப்பு. முதுகெலும்புள்ளவை இருக்கும் தொகுதி. விலங்குலகம். இப்படி விலாசம் எழுதப்பட்ட உயிர்கள் இன்று சுமார் 20 லட்சம் சிற்றினங்கள் இருக்கின்றன. இன்னும் பெயரிடப்படாதவை அதைவிட அதிகம்.

ஏன் உயிர்கள் இப்படி வட்டத்துக்குள் வட்டமாக அமைகின்றன? லின்னேயஸ் அதைக் கடவுளின் ஏற்பாடு என்று எண்ணினார். 1859-ல் டார்வின் அதற்கு வேறு காரணம் சொன்னார். ஒரே மூதாதையரிடமிருந்து கிளைத்து வந்தபடியால்தான் ஒற்றுமை இருக்கிறது என்றார். அன்றுமுதல் பாகுபாடு என்பது பெட்டியில் அடுக்குகிற வேலையாக இல்லாமல், வம்சாவளி தேடுகிற வேலையாகிவிட்டது.

அந்த வம்சாவளியில் திமிங்கிலத்தின் இடம் எது தெரியுமா? அதன் முன் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே நம்முடையதைப்போலவே கை எலும்பும் விரல் எலும்பும் இருக்கின்றன. மீனின் வால் இடவலமாய் அசையும். திமிங்கிலத்தின் வால் மேலுங்கீழுமாய் அசையும். பின்கால் போய்விட்டாலும் இடுப்பெலும்பின் மிச்சம் உடம்புக்குள் கிடக்கிறது. பாகிஸ்தானில் சுமார் 5 கோடி வருஷத்துக்கு முற்பட்ட பாறைகளில், நான்கு காலுள்ள திமிங்கில மூதாதையின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. காஷ்மீரத்துப் பாறையில் கிடைத்த இண்டோஹையஸ் என்னும் சிறிய குளம்புப் பிராணி, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு என்று 2007-ல் கண்டார்கள். மரபணுவைச் சோதித்ததில், இன்று உயிரோடிருப்பவற்றில் நீர்யானையே அதற்கு மிக நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. ஆகவே மாட்டுக்குக் குதிரையைவிடத் திமிங்கிலமே கிட்டின உறவு! கண்ணால் பார்த்து இதை யார் சொல்லியிருக்க முடியும்?

பெரிய பிரிவுகளான உலகங்களின் கதையும் இதுதான். உயிர்களில் விலங்கு, தாவரம் என்று இரண்டே உலகம் என்றார் லின்னேயஸ். நுண்கண்ணாடியில் தெரிந்த சிற்றுயிர்கள் இரண்டிலும் அடங்காமல் போகவே, 1866-ல் ஹெக்கல் என்கிற ஜெர்மானியர் மூன்றாவது உலகம் ஒன்றை வைத்தார். 1969-ல் விட்டேக்கர் என்கிற அமெரிக்கர் ஐந்து உலகம் என்றார். அதில் காளானுக்குத் தனி உலகம் இருந்தது. மழைக்கு முளைக்கும் காளானை நாம் செடி என்றே எண்ணுகிறோம். அது வெயிலில் ஆகாரம் சமைப்பதில்லை. அதன் அணுச்சுவரில் இருப்பது இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள கைட்டின் என்னும் பொருள். வம்சாவளிப்படி அது செடியைவிட நமக்கே நெருங்கினது.

1977-ல் கார்ல் வோஸ் என்பவரும் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரும் சேர்ந்து, பாக்டீரியா என்று எண்ணப்பட்டிருந்தவற்றில் ஒரு கூட்டம் பாக்டீரியாவே அல்ல, முற்றிலும் வேறான வம்சம் என்று எடுத்துக் காட்டினார்கள். பலர் நம்ப மறுத்தார்கள். ஆனால் ஆதாரம் நின்றது, மறுப்பு ஓய்ந்தது. 1990-ல் வோஸ் எல்லா உயிர்களையும் மூன்று பெரும் பேரரசுகளாகப் பிரித்தார். அதுவும் இன்று விவாதத்தில் இருக்கிறது. மூன்று அல்ல, இரண்டே என்பார் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டு ஒரு பண்டிதர், "அடிக்கடி மாறுகிறதே, இதை எப்படி நம்புவது? எங்கள் சாஸ்திரம் ஆயிரம் வருஷமாய் மாறவில்லையே!" என்று கேட்கலாம். மாறாமலிருப்பது உண்மைக்கு அடையாளமாகாது. நின்றுபோன கடிகாரமும்தான் மாறுவதில்லை. மேலும், மனம்போனபடி யாரும் இதை மாற்றிவிடவில்லை. எலும்பு, அணு, மரபணு என்று ஒவ்வொரு புதுச் சாட்சியமும் வந்தபோதுதான் மாற்றினார்கள். பல சாட்சியங்கள் ஒரே பக்கம் சொன்ன திமிங்கில விஷயம் இனி மீனுக்குத் திரும்பப் போவதில்லை.

கடைசியாக மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை. திமிங்கிலத்தைச் சரியாக வைத்த அதே 1758-ம் வருஷத்துப் புஸ்தகத்தில், லின்னேயஸ் மனிதனை நான்கு கண்டத்துக்கு நான்கு வகையாக்கி, நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதினார். ஐரோப்பியர் சட்டப்படி நடப்பவராம். ஆப்பிரிக்கர் மனம்போனபடி நடப்பவராம். ஆசியாக்காரராகிய நாம் கர்வமும் பேராசையும் உள்ளவர்களாம்! இதற்கு எந்த எலும்பைச் சோதித்தார்? எதையும் இல்லை. ஊரார் பேச்சை ஏட்டில் ஏற்றினார். 1972-ல் லெவன்டின் என்பவர் கணக்குப் பார்த்தபோது, மனிதருக்குள் உள்ள பிறவி வேற்றுமையில் சுமார் 85 பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருப்பதாகவும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ளது சொற்பமே என்றும் கண்டார்.

நம் பாஷையில் பூனை ஜாதி, நாய் ஜாதி என்கிறோம். மனிதனுக்குள்ளும் ஜாதி என்கிறோம். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று மயங்கக்கூடாது. குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதை மலடாகிறது; அவை வேறு இனம். உலகத்தில் எந்த நாட்டு ஆணும் எந்த நாட்டுப் பெண்ணும் சேர்ந்து பெறும் பிள்ளை அந்தக் கலப்பினால் மலடாவதில்லை. ஆகவே மனிதர் எல்லோரும் ஒரே சிற்றினம். இதற்குமேல் மனிதனுக்குள் மேல் கீழ் என்று எழுதியவனிடம், "எந்த உடம்பைச் சோதித்துக் கண்டாய்?" என்று கேளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். நாளைக்குச் சந்தையில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள், வாலைப் பாருங்கள். காளானைப் பிய்த்துப் பாருங்கள். உங்கள் குழந்தைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள்.