தகப்பனும் பிள்ளையும் ரேடியோ செய்து பழகுதல்

சங்க அங்கத்தினர்களே!

கடன், தவணை, வட்டி இவற்றைப் பற்றியே பேசுவேனென்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று வேறு விஷயம். பெற்றவரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து ரேடியோ வேலையைப் பொழுதுபோக்காகக் கற்பதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை என்பதில் பெண்ணும் அடக்கம்.

முதற் பாடத்திற்குத் தகுந்தது கிரிஸ்டல் ரேடியோ. சென்னையில் 1924-ஆம் வருஷத்தில் ரேடியோ கிளப் ஒலிபரப்பு ஆரம்பித்த அக்காலத்தில், பல தேசங்களிலும் ஜனங்கள் இதைத் தம் கையாலேயே செய்து கேட்டார்கள். பாட்டரி வேண்டாம், வீட்டு மின்சாரமும் வேண்டாம். நிலையத்திலிருந்து வரும் அலையின் சக்தியே காதில் ஒலியாகிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் எளிதில் செல்லவிடும் கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லே இதன் உயிர். அக்கல்லைக் கொண்டு அலையை அறியும் கருவிக்கு நம் ஜகதீச சந்திர போஸ் 1904-இல் அமெரிக்க தேசத்துப் பேடண்ட் பெற்றார். இப்பொழுது கல்லின் ஸ்தானத்தில் ஜெர்மேனியம் டயோடு வைக்கலாம்.

3 அங்குல விட்டமுள்ள அட்டைக் குழாயில் 26-ஆம் நெம்பர் எனாமல் செப்புக் கம்பியை நெருக்கமாக 50 சுற்றுச் சுற்றவேண்டும். இதற்கு 40 அடிக் கம்பி பிடிக்கும். அதனோடு திருகும் கண்டென்ஸர் ஒன்று, ஏறக்குறைய 60 அடி ஏரியல் கம்பி, ஈரமண்ணில் பதித்த எர்த், கிரிஸ்டல் காதுக்குழாய் இவையே சாமான்கள். பாட்டுக் கேட்கும் சாதாரணக் காதுக்குழாயை நேரே மாட்டினால் ஒலி கேட்பது அரிது. மத்திய அலை நிலையம் ஓரளவு சமீபத்தில் இருக்கவேண்டும்.

நான் தணிக்கைக்குப் போன ஒரு கிராமத்தில், தச்சுவேலை செய்யும் அங்கத்தினர் ஒருவரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். தகப்பனாருக்கு எழுத்து வாசனை குறைவு. படத்தைப் பார்த்து மகன் சொல்வான், அவர் சுற்றுவார். எல்லாம் இணைத்தும் சப்தம் வரவில்லை. பையன் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தான். அவரோ கம்பியின் முனையை விரலால் தடவிப் பார்த்து, “இதன்மேல் பூச்சு இருக்கிறதே, தம்பி, சுரண்டவேண்டாமா?” என்றார். எனாமலைச் சுரண்டியதும் குரல் கேட்டது. மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைவென்று எண்ணும் தகப்பன்மார் பலரை அறிவேன். அவர் அப்படி எண்ணியிருந்தால் பையன் புத்தகத்தோடு நின்றிருப்பான். கம்பியும் மூலையில் கிடந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கருவியின் எந்த முனையையும் வீட்டு மின்சாரத்தில் சேர்க்கலாகாது. ஏரியலை மின்சாரக் கம்பிகளுக்கு மேலோ அருகிலோ கட்டுவதும் உயிருக்கு ஆபத்து. மழை இருட்டும்பொழுதே, இடி கேட்பதற்கு முன்பாக, ஏரியலைக் கருவியினின்று கழற்றி எர்த்தோடு சேர்த்துவிடவேண்டும். இடி கேட்டபின் அக்கம்பியைத் தொடக்கூடாது.

இதற்காகச் சங்கத்தில் கடன் கேட்டு மனுப் போடவேண்டாம். நான் சிபார்சு செய்யமாட்டேன். ஒரு சுருள் கம்பி பல வீடுகளுக்குப் போதுமாகையால், ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். அடுத்த தணிக்கைக்கு வரும்பொழுது அதையும் பார்க்கிறேன்.