மலைக்கு வேண்டியது வடிகால்

2014 அக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று நிலமும் வீடும் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் தோட்டத்து மக்கள் எங்கே போவார்கள்?

மண்சரிவு அபாயத்தை மழையின் அளவே முன்கூட்டிச் சொல்லும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். இந்த அளவுகள் நுவரெலியா, ஹட்டன் மக்களுக்கு மனப்பாடமாக வேண்டும்.

தேயிலைக்கு நடுவே வெட்டிய கானில், அதாவது வடிகாலில், கவ்வாத்துக் குச்சியும் மண்ணும் அடைத்துக் கிடந்தால், ஓட வேண்டிய தண்ணீர் மலைக்குள் இறங்கி மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். மழை கொட்டித் தீர்க்கும் காலத்தில் கான் வெட்டுவதை எந்த நிர்வாகமும் தள்ளிப்போடக் கூடாது. சுவரில் புது வெடிப்பு, ஊற்றில் திடீர்க் கலங்கல் கண்டால், இரவென்றும் பாராமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.